“ஆல் சிம் ஒர்க்கிங்” என்று சொல்லி விற்ற போன்: 34,500 ரூபாய் போனது, நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

இதை எழுதும்போது கை நடுங்குகிறது. மத்தியானம்தான் அந்தத் தளத்திலிருந்து கடைசி பதில் வந்தது: “உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது.” 34,500 ரூபாய். பதினைந்து மாதம் சீட்டு கட்டி எடுத்த பணம். யார் மேல் கோபப்படுவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். பழைய போன் வாங்குகிற யாராவது ஒருவர் இதைப் படித்துத் தப்பித்தால் போதும் என்று எழுதுகிறேன். கடைசியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்றும் சொல்கிறேன்.

நான் வீட்டிலிருந்தே புடவை விற்கிறேன். வாட்ஸ்அப்பில் படம் போட்டுத்தான் வியாபாரம். என் பழைய போனில் மாம்பழ மஞ்சள் எடுத்தால் எலுமிச்சை மஞ்சளாகத் தெரியும், அரக்கு எடுத்தால் ஆரஞ்சாகத் தெரியும். “படத்தில் ஒரு கலர், கையில் ஒரு கலர்” என்று மாதம் நான்கு புடவையாவது திரும்பி வரும். அதனால்தான் நல்ல கேமரா உள்ள போன் தேடினேன். புதிது வாங்க வசதியில்லை. பயன்படுத்திய போன்களை விற்கும் ஆன்லைன் தளம் ஒன்றில் ஐபோன் 13, 128 ஜிபி, 34,500 ரூபாய் என்று போட்டிருந்தது. கீழே பெரிய எழுத்தில் “இம்போர்ட்டட் பீஸ், ஆல் சிம் ஒர்க்கிங்”.

ரிவியூக்களை இரண்டு ராத்திரி உட்கார்ந்து படித்தேன். நூற்றுக்கும் மேல் இருந்தன. கேமரா அருமை, ராத்திரியில்கூடப் படம் தெளிவு, பேட்டரி ஒரு நாள் தாங்குகிறது, ஸ்க்ரீனில் ஒரு கீறல் இல்லை, பேக்கிங் சூப்பர். நான் தேடிய எல்லாமே அதில் இருந்தது. அதற்கு மேல் என்ன பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.

இருந்தாலும் மனசு கேட்காமல் விற்பவரிடம் பேசினேன். தளத்தின் வழியாகவே வீடியோ கால் வந்தது. அந்தப் பையன் போனைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். “அக்கா, சந்தேகமே வேண்டாம், இப்பவே பாருங்க” என்று சொல்லி, அந்த போனிலிருந்தே என் நம்பருக்கு அடித்தான். என் கையில் மணி அடித்தது. நான் எடுத்து “ஹலோ” என்றேன், வீடியோவில் அவன் சிரித்தான். “உங்க தம்பி மாதிரி நினைச்சுக்கோங்கக்கா, ஏதாவது ஒண்ணுன்னா எனக்கு நேரா கூப்பிடுங்க.” அந்த ஒரு கால்தான். அது வராமல் இருந்திருந்தால் நான் பணம் கட்டியிருக்க மாட்டேன். கட்டிவிட்டேன், முழுப் பணமும், 34,500.

போன் மூன்றாம் நாள் வந்தது. பார்க்கப் புதிது மாதிரியே இருந்தது. சிம் ட்ரேயை இழுத்தபோது அதில் தங்க நிறத்தில் மெல்லிய தகடு ஒன்று ஒட்டியிருந்தது. நான் அதுவரை ஐபோன் வைத்திருந்ததில்லை. ட்ரேயே அப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்து, அதன் மேலேயே என் சிம்மை வைத்து உள்ளே தள்ளினேன். திரையில் ஏதோ ஒரு மெனு வந்தது. அவனுக்கே போன் போட்டேன். “முதல் தடவை அப்படித்தான் வரும்க்கா, ரெண்டாவதைத் தொட்டு ஓகே கொடுங்க” என்றான். கொடுத்தேன். சிக்னல் வந்துவிட்டது. பழைய போனை அன்றைக்கே அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

எட்டு நாள் நன்றாக ஓடியது. முதல் நாளே ஒரு மயில்கழுத்துக் கலர் புடவையைப் படம் எடுத்தேன். அந்தப் பச்சையும் நீலமும் மாறுகிற இடம்கூட அப்படியே விழுந்திருந்தது. எட்டாம் நாள் ராத்திரி அப்டேட் கேட்டது. எந்த போனும் கேட்பதுதானே? சார்ஜில் போட்டு, கொடுத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் பார்த்தால் சிக்னல் இல்லை. “சிம் நாட் சப்போர்ட்டட்” என்று ஒரு வரி. அணைத்துப் போட்டேன், சிம்மைக் கழற்றி மாட்டினேன், வீட்டுக்காரர் சிம்மைப் போட்டேன். அதே வரி.

விற்றவனுக்கு அடித்தேன். முதல் கேள்வியே, “உங்களை யாருக்கா அப்டேட் பண்ணச் சொன்னது?” அப்டேட் செய்தால் நின்றுபோகும் என்று விற்கும்போது சொன்னாயா என்று கேட்டேன். “எல்லாருக்கும் தெரியும்க்கா” என்றான். அதற்குப் பிறகு அந்த நம்பரை அவன் எடுக்கவே இல்லை. தம்பி மாதிரி நினைக்கச் சொன்னவன்!

தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போனேன். சாட்டில் ஒருவர் “24 முதல் 48 மணி நேரத்தில் தீர்வு” என்றார். மூன்று நாள் கழித்து வேறொருவர், “மேடம், இது சிம் கம்பெனி பிரச்சினை, அவங்களைக் கேளுங்க.” வெயிலில் சிம் கம்பெனி கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண் என் சிம்மை வேறு போனில் போட்டுக் காட்டினார், முதல் நொடியிலேயே சிக்னல் வந்தது. திரும்ப சாட். இப்போது மூன்றாவது ஆள்: “மேடம், ரிட்டர்ன் காலம் 7 நாள், உங்களுக்கு அது முடிந்துவிட்டது.” பழுது ஒன்பதாம் நாள்தானே வந்தது என்றேன். “அது சாஃப்ட்வேர் சம்பந்தப்பட்டது, வாரண்டியில் வராது.” மேலாளரிடம் பேச வேண்டும் என்றேன். நாற்பது நிமிடம் பாட்டு ஓடியது, லைன் கட்டானது. அடுத்த நாள் ஒரு மெயில்: உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், அடுத்த முறை வாங்க 500 ரூபாய் கூப்பன். 34,500 ரூபாய்க்கு 500 ரூபாய் கூப்பன். அதையும் அவர்களிடமே வாங்கினால்தான் பயன்படுத்த முடியும்.

என்ன நடந்தது என்பதையே எனக்குப் புரிய வைத்தவர் பக்கத்தில் போன் பழுது பார்க்கும் ஒரு தம்பிதான். ட்ரேயை இழுத்ததும் அவர் முகம் மாறிவிட்டது. அந்தத் தங்கத் தகட்டை நகத்தால் நெம்பி எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். சிம் அளவுதான், காகிதத்தைவிடக் கொஞ்சம் கனம், நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி. “அக்கா, இது ட்ரே இல்ல. இதுக்குப் பேரு ஆர்-சிம், டர்போ சிம்னும் சொல்லுவாங்க.” வேறொரு ஐபோனின் ட்ரேயைக் காட்டினார். அதில் தகடு எதுவும் இல்லை, அடியில் வெறும் ஓட்டை.

அப்புறம் விளக்கினார். அமெரிக்காவில் பல மொபைல் நிறுவனங்கள் போனைத் தவணையில் கொடுக்கும். தவணை முடியும்வரை அந்த போன் அந்த நிறுவனத்தின் சிம்மை மட்டும்தான் ஏற்கும்படி பூட்டிவிடுவார்கள். அப்படிப் பூட்டிய போன்கள் மலிவாகக் கைமாறி இங்கே வருகின்றன. இந்தத் தகடு சிம்முக்கும் போனுக்கும் நடுவில் உட்கார்ந்து, நம் சிம்மையே அந்த நிறுவனத்தின் சிம் என்று போனை நம்ப வைக்கும். ஒரு அப்டேட்டோ, முழு ரீசெட்டோ நடந்தால் அந்த ஏமாற்று பிடிபட்டுப் போகலாம். பூட்டு அப்படியே இருக்கிறது. அதைப் பூட்டிய நிறுவனம்தான் திறக்க முடியும், ஆப்பிள்கூட தானாகத் திறந்து தராது. அந்த நிறுவனமும் பாக்கி கட்டி முடிந்ததா, திருட்டுப் புகார் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துத்தான் திறக்கும். அமெரிக்காவில் யாரோ ஒருவர் கட்டாமல் விட்ட தவணைக்கு நான் இங்கே உட்கார்ந்து என்ன செய்ய முடியும்?

பூட்டிய போன் விற்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. ஜியோபோன் 2017-இல் வந்தபோது ஜியோ சிம் மட்டும்தான் போகும் என்று எல்லோருக்கும் தெரியும், தெரிந்துதான் வாங்கினார்கள். அதற்கு முன்னால் சிடிஎம்ஏ என்று பழைய வகை போன்கள் இருந்தன, அவையும் அப்படித்தான். இப்போது நம் ஊரில் எந்த போனிலும் எந்த சிம்மும் போகும் என்று பழகிவிட்டோம், அதனால் யாருமே கேட்பதில்லை. அந்தப் பழக்கத்தைத்தான் இவர்கள் காசாக்குகிறார்கள். கனடாவில் 2017 டிசம்பரிலிருந்தும், பிரிட்டனில் 2021 டிசம்பரிலிருந்தும் நிறுவனங்கள் போனைப் பூட்டி விற்கவே கூடாது என்று விதி வந்துவிட்டது. அமெரிக்காவில் இன்னும் பூட்டுகிறார்கள், அது நம் கைக்கு “ஆல் சிம் ஒர்க்கிங்” என்று வந்து சேருகிறது.

வீட்டுக்கு வந்து அந்த ரிவியூக்களை எல்லாம் மறுபடி படித்தேன். இந்த முறை வேறு கண்ணோடு. கேமரா, பேட்டரி, ஸ்க்ரீன், பேக்கிங். ஒருவர்கூட எந்த சிம் போட்டேன் என்று எழுதவில்லை. ஏறக்குறைய எல்லாமே போன் கைக்கு வந்த அன்றோ மறுநாளோ எழுதியவை. ஒரு மாதம் கழித்து எழுதியது ஒன்றுகூட இல்லை. நான்காம் பக்கத்தில், நான் போகவே போகாத இடத்தில், ஒற்றை ஸ்டாரோடு ஒரு வரி கிடந்தது: “அப்டேட்டுக்குப் பிறகு நெட்வொர்க் இல்லை.” அதற்குக் கீழே தளத்தின் பதில், “தயவுசெய்து சேவை மையத்தைத் தொடர்பு கொள்ளவும்.” அந்த ஆளும் என்னைப் போலவே அலைந்திருப்பார்.

யூடியூபில் வெளிநாட்டுக்காரர்கள் இதே போனைப் பற்றிப் பேசியதையும் வாங்கும் முன்பே பார்த்திருந்தேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த நிறுவனத்தின் சிம் வைத்திருப்பவருக்கு இது நல்ல போன்தான். அவர்களுக்கு உண்மையானது எனக்கும் உண்மை என்று நான் நினைத்ததுதான் தப்பு. போனின் வசதியைப் பற்றிய கருத்து எத்தனை இருந்தாலும், அது யாருடைய சிம்மில் ஓடியது என்று தெரியாவிட்டால் அந்தக் கருத்தால் நமக்குப் பயனில்லை.

இப்போதும் அந்த போன் வைஃபையில் படம் எடுக்கிறது. அழகாகவே எடுக்கிறது, அதைப் பார்க்கும்போதுதான் வயிறு எரிகிறது. ஆனால் ஒரு கால் வராது, ஓடிபி வராது. ஜிபே, போன்பே எதையும் அதில் புதிதாகத் தொடங்க முடியாது, அதற்கு அந்த போனில் உள்ள சிம்மிலிருந்தே எஸ்எம்எஸ் போக வேண்டும். புடவைக்குப் பணம் அனுப்பியவர்களுக்கு இரண்டு நாள் பதில் சொல்ல முடியாமல் தவித்தேன். கடைசியில் அம்மாவிடம் கொடுத்த போனை நானே போய்த் திரும்ப வாங்கி வந்தேன். அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை. சிம்மைக் கழற்றி, போனைத் துணியால் துடைத்துக் கொடுத்தார்கள்.

சரி, சொல்கிறேன் என்று சொன்னதைச் சொல்லிவிடுகிறேன். நிறைய எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை.

பழைய ஐபோன் என்றால் செட்டிங்ஸ், ஜெனரல், அபவுட் உள்ளே போய் “கேரியர் லாக்” என்ற வரியைப் பாருங்கள். “நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ்” என்று இருக்க வேண்டும். வேறு எது இருந்தாலும் வாங்காதீர்கள். நான் வீடியோ காலில் கேமராவைக் காட்டச் சொன்னேன், இந்த ஒரு வரியைக் காட்டச் சொல்லியிருந்தால் என் 34,500 என்னிடம் இருந்திருக்கும். அதே பக்கத்தில் மாடல் நம்பர் இருக்கும். எல்எல்/ஏ என்று முடிந்தால் அமெரிக்காவுக்கான போன், எச்என்/ஏ என்றால் இந்தியாவுக்கானது. அமெரிக்க போன் எல்லாமே பூட்டியது என்று அர்த்தமில்லை, ஆனால் கட்டாயம் கேள்வி கேளுங்கள். ட்ரேயில் தகடு இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். “அப்டேட் பண்ணாதீங்க” என்று யாராவது சொன்னால் அந்த போன் வேண்டாம்.

*#06# அடித்தால் ஐஎம்இஐ என்ற 15 இலக்க நம்பர் வரும், அது அந்த போனின் தனி அடையாள எண். அதை கேஒய்எம் (KYM) என்ற எழுத்துகளோடு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்க்கலாம், கருப்புப் பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும். ஆனால் அது பூட்டைப் பற்றி எதுவும் சொல்லாது. நான் அதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

விளம்பரப் பக்கத்தை வாங்கும்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என் புகாருக்குப் பிறகு அந்தப் பக்கமே காணோம். நாத்தனாரிடம் “இது வாங்கட்டுமா” என்று கேட்டு அனுப்பிய படம் வாட்ஸ்அப்பில் இருந்ததால் “ஆல் சிம் ஒர்க்கிங்” என்ற வரி என் கையில் இருக்கிறது. அதை வைத்து நேற்று 1915-இல், தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் கொடுத்துவிட்டேன். விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-இல் வந்த மின்வணிக விதிகளிலேயே இருக்கிறது. புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்றும் இருக்கிறது. கூப்பன் கொடுத்து மூடிவிடலாம் என்று அதில் எங்கும் இல்லை. 34,500 ரூபாயும் வரும்வரை நான் விடப்போவதில்லை.

இந்த மாதம் யாராவது இப்படி இம்போர்ட்டட் போன் வாங்கியிருந்தால், தயவுசெய்து இப்போதே சிம் ட்ரேயை இழுத்துப் பாருங்கள். 7 நாள் முடியவில்லை என்றால் இன்றைக்கே திருப்பி அனுப்புங்கள்.