மை பாட்டிலின் கடைசிப் பதினைந்து மில்லி

பவுண்டன் பேனாவுக்கு மை வாங்கப் போகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள், விலையைப் பார்க்கிறார்கள், தாளில் ஊறுமா என்று கேட்கிறார்கள். பாட்டிலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் மேஜையில் வைத்தால் அழகாக இருக்குமா என்ற அளவில்தான். எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு. மை எவ்வளவு நன்றாக இருந்தாலும், பாட்டில் சரியில்லை என்றால் அதில் கால்வாசி பேனாவுக்குள் போகவே போகாது. அடியில் தங்கும், காயும், கடைசியில் சிங்க்கில் கொட்டுவோம். அதனால் இங்கே பாட்டில்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். என் அளவுகோல் ஒன்றுதான்: மை குறைந்த பிறகும் பேனா முழுதாக நிரம்புகிறதா?

இது ஏன் சிக்கல் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கன்வெர்ட்டரோ (மையை இழுத்து வைக்கும், தனியே கழற்றக்கூடிய சின்னக் குழாய்) பிஸ்டனோ (பேனாவின் உடம்போடு சேர்ந்த இழுப்பான்) உள்ள பேனாவில் நிப் முழுவதும் மூழ்கி, நிப்பைத் தாங்கும் கழுத்தின் விளிம்பும் லேசாக நனைய வேண்டும். இல்லையென்றால் மையோடு காற்றையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். ஆறாம் நம்பர் என்ற பெரிய அளவு நிப் என்றால் அதற்கு ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். இப்போது 60 மில்லி பிடிக்கும் ஒரு சாதாரண உருளை பாட்டிலை எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் நாலரை சென்டிமீட்டர், அடி தட்டை. அதில் 25 மில்லிமீட்டர் ஆழம் நிற்க வேண்டுமானால் 40 மில்லி மை இருந்தாக வேண்டும். அதாவது முதல் 20 மில்லி தீர்ந்ததுமே தகராறு ஆரம்பம். மூன்றில் இரண்டு பங்கு மை பாட்டிலில் இருக்கிறது, பேனா பாதிதான் நிரம்புகிறது.

கேம்லின், பிரில் என்று நாம் பள்ளிக்கூட நாளிலிருந்து பார்க்கும் பாட்டில்கள் இந்த வகைதான். இவற்றைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கேம்லினை உருவாக்கிய தண்டேகர் சகோதரர்கள் 1931-ல் குதிரை மார்க் மைத்தூளோடு தொடங்கினார்கள், பிரில் மைசூர்க்காரர்களுடையது. தெருமுனை ஸ்டேஷனரி கடையில் பால் பாக்கெட் விலைக்கு மை கிடைக்கிறது என்றால் அது இவர்கள் புண்ணியம். வாய் ஓரளவு அகலம், உடம்பு குட்டை, லேசில் கவிழாது. ஆனால் அடிப்பக்கத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

சரி, அடுத்தது சாய்க்கும் பாட்டில்கள். வாட்டர்மேனின் 50 மில்லி பாட்டிலுக்குப் பட்டை தீட்டியதுபோல முகங்கள் உண்டு. ஒரு முகத்தின் மேல் படுக்க வைத்தால் சாய்ந்தபடியே நிற்கும். பெலிகன் 4001-ன் 62.5 மில்லி பாட்டிலும் சரிவான பக்கத்தில் அப்படியே உட்காரும். அசையும் பாகம் இல்லை, தனியாகச் செருகிய துண்டு இல்லை, கழுவுவதும் சுலபம். எவ்வளவு லாபம் என்று பார்ப்போம். நாலு சென்டிமீட்டர் சதுர அடி கொண்ட பாட்டிலை நேராக வைத்தால் 25 மில்லிமீட்டர் ஆழத்துக்கு 40 மில்லி மை வேண்டும். அதையே 45 டிகிரி சாய்த்து ஒரு விளிம்பில் மையைச் சேர்த்தால் 25 மில்லி போதும். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் அந்த 25-ம் ஒருநாள் தீரும், அப்புறம் பழைய கதை. தவிர, சாய்த்த பாட்டிலில் பேனாவைச் சரியான கோணத்தில் பிடித்து, இன்னொரு கையால் கன்வெர்ட்டரைத் திருக வேண்டும். மேஜையில் இடமும் பொறுமையும் இருப்பவர்களுக்கு இது ஒத்துவரும். இரண்டில் எனக்கு வாட்டர்மேன் மேல் கொஞ்சம் அதிகப் பிரியம், படுக்க வைத்தால் ஆடாமல் நிற்பதால்.

இந்தச் சிக்கலை உண்மையாகத் தீர்த்தவர்கள் பாட்டிலுக்குள் இன்னொரு சின்னப் பாட்டில் வைத்தவர்கள்தான். ஷேஃபர் கம்பெனி பல பத்தாண்டுகளுக்கு முன்பே இதைச் செய்துவிட்டது. அவர்களுடைய ஸ்க்ரிப் மை வந்த பழைய பாட்டிலின் வாய்க்குக் கீழே கண்ணாடியிலேயே ஒரு சின்னத் தொட்டி இருக்கும். மூடியை இறுக்கிச் சாய்த்து நிமிர்த்தினால் தொட்டி நிரம்பிவிடும். பேனாவை அதில் நனைத்தால் போதும், ஆழத்துக்குப் போக வேண்டாம், கழுத்தெல்லாம் மையாக வேண்டாம். வீட்டுப் பீரோவில் தாத்தா காலத்து ஸ்க்ரிப் பாட்டில் காலியாகக் கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பழைய கறையை எடுத்து, உங்களுக்குப் பிடித்த மையை அதில் ஊற்றிப் பாருங்கள்.

ஜப்பான்காரர்கள் இதையே வேறு வழியில் செய்தார்கள். செய்லரின் பழைய 50 மில்லி பாட்டிலிலும், பைலட்டின் 70 மில்லி பாட்டிலிலும் வாய்ப்பகுதியில் ஒரு பிளாஸ்டிக் கூம்பு தொங்கும். மூடியை நன்றாக இறுக்கி, பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்து, மறுபடி நேராக வைக்க வேண்டும். மூடியைத் திறந்தால் கூம்பு நிறைய மை நிற்கும். வாய் இரண்டரை சென்டிமீட்டர், ஆழமும் அவ்வளவே உள்ள ஒரு கூம்பில் நாலு மில்லி சொச்சம்தான் பிடிக்கும். ஆனால் ஆறாம் நம்பர் நிப் மூழ்க அதுவே போதும். தட்டை அடி பாட்டில் 40 கேட்ட இடத்தில் இது நாலு கேட்கிறது. இந்த ஒரு வித்தியாசத்துக்காகவே என் ஓட்டு கூம்புக்கு.

நிரப்புவதையும் கிட்ட இருந்து பார்க்க வேண்டும். திறந்தவுடன் கூம்பின் வாயில் ஒரு மெல்லிய மைப்படலம் குமிழாக நிற்கும். அது உடையும்வரை ஒரு நொடி பொறுத்துப் பேனாவை இறக்கினால் விரலில் தெறிக்காது. நிப் நுனி கூம்பின் அடியில் இடிக்காமல் ஒரு நூல் உயர்த்திப் பிடித்து, கன்வெர்ட்டரை நிதானமாகத் திருகுங்கள். முதல் தடவை காற்றுக் குமிழ்கள் வரும். அதைத் திரும்ப வெளியே தள்ளி, இரண்டாம் தடவை இழுத்தால் கழுத்துவரை நிறைந்துவிடும். ஒரு கன்வெர்ட்டர் ஒரு மில்லிக்கு மேல் குடிக்காது. கூம்பில் அதைவிட மூன்று மடங்கு மிச்சம் இருக்கும். ஒரே எச்சரிக்கை, கவிழ்க்கும்போது மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் வழியும். சிங்க்குக்கு மேலே வைத்துச் செய்வது உத்தமம். நம் வீட்டு மொசைக் தரையில் விழுந்த நீலக்கருப்புக் கறை லேசில் போகாது.

இந்த வகையில் பார்க்கவே ஆசையாக இருப்பது நெதர்லாந்தின் ஹேக் நகரத்து ஆக்கர்மன் கடையின் பாட்டில். நீண்ட கழுத்து, கழுத்துக்குள் ஒரு கண்ணாடிக் கோலி. அசப்பில் நம் ஊர் கோலி சோடா பாட்டிலேதான். 1872-ல் ஹைரம் காட் காப்புரிமை வாங்கிய அந்தச் சோடா பாட்டிலைப் போலவே இங்கும் கோலிதான் அடைப்பான். சாய்த்தால் கோலி நகர்ந்து மை கழுத்துக்குள் வரும், நிமிர்த்தினால் கோலி கீழே உட்கார்ந்து வழியை அடைத்து மையை அங்கேயே நிறுத்தும். கூம்பு செய்யும் வேலையைத்தான் இதுவும் செய்கிறது, இன்னும் அழகாக. ஆனால் பாட்டில் உயரம் அதிகம். சென்னையில் மேஜை ஃபேன் காற்றில் தாள் பறக்க, அதைப் பிடிக்கக் கை நீட்டும் வீடுகளில் உயரமான மை பாட்டிலை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

லாமியின் 50 மில்லி பாட்டில் நடுவழியில் நிற்கிறது. கண்ணாடியின் அடியில் நடுவே ஒரு குழி. மை குறையக் குறைய அங்கே வந்து சேரும். அந்தக் குழியைச் சுற்றி இருக்கும் பிளாஸ்டிக் அடிப்பகுதியில் மை உறிஞ்சும் காகிதச் சுருள். நிரப்பியதும் ஒரு துண்டைக் கிழித்து நிப்பைத் துடைத்துக்கொள்ளலாம். துணி தேட வேண்டாம், சட்டை நுனியில் துடைக்க வேண்டாம். பேனா பிடிக்கும் கை என்ன செய்கிறது என்று உட்கார்ந்து கவனித்தவர் செய்த பாட்டில் என்பது தெரிகிறது. கூம்பு அளவுக்குக் கடைசிச் சொட்டுவரை கொடுக்காது. ஆனால் கவிழ்க்கும் வேலை இல்லை, ஆபீஸ் மேஜையில் பயமில்லாமல் வைக்கலாம். தினமும் நிரப்புகிறவருக்கு இதைத்தான் சொல்வேன்.

அழகுக்குப் பேர்போன பாட்டில்களைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பைலட்டின் இரோஷிசுகு என்ற மை வரும் பாட்டில் கனத்த கண்ணாடி, தட்டினால்கூட நகராது, அடியில் கூர்மையான பள்ளம். அந்தப் பள்ளம் முழு நிப்பையும் விழுங்கும் ஆழம் கிடையாது, இருந்தாலும் தட்டை அடியைவிட எவ்வளவோ மேல். அதே மை 15 மில்லி சின்னப் பாட்டிலிலும் வருகிறது. மோன்பிளாங்கின் செருப்பு வடிவ 60 மில்லி பாட்டிலில் இரண்டு அறைகள்; சாய்த்தால் மூடிப் பக்கத்து அறை நிறையும், நடுத் தடுப்பு மையைத் திரும்ப விடாது. வேலை செய்யும் அழகு அது. எர்பானின் 30 மில்லி பாட்டிலில் முன்பக்கம் பேனா சாய்த்து வைக்க ஒரு வளைவு இருக்கிறது, படம் எடுத்தால் கொள்ளை அழகு. ஆனால் வாய் குறுகல். தடித்த கழுத்துள்ள பேனா அதில் இறங்கத் திணறும். பேனா நுழையாத பாட்டிலுக்குப் பேனா வைக்கும் வளைவு எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இதுவரை சொன்னது எல்லாம் நிப்பை முக்கி நிரப்புகிறவர்களுக்கு. நம் பக்கத்தில் இன்னொரு பெரிய கூட்டம் உண்டு: ஐட்ராப்பர் பேனாக்காரர்கள். திருவள்ளூரில் கடைசல் பிடிக்கும் ரங்கா எபனைட் (கெட்டி ரப்பர்) பேனாவோ, பாரிமுனை ஜெம் அண்ட் கோ-வின் காமா பேனாவோ வைத்திருப்பவர்கள் கழுத்தைத் திருகிக் கழற்றி, இங்க் ஃபில்லரால் உடம்புக்குள் மையை நேராக ஊற்றுகிறார்கள். இவர்களுக்கு மேலே உள்ள தீர்ப்பு முழுவதும் மாறிவிடும். ஆழம் வேண்டாம், அகன்ற வாயும் வேண்டாம். ஃபில்லரின் நுனி மூலைமுடுக்கெல்லாம் போகும். கேம்லின் பாட்டிலைக் கொஞ்சம் சாய்த்தால் கடைசி மில்லிவரை வந்துவிடும். எர்பானின் குறுகல் வாய்கூட இவர்களுக்குக் குறையில்லை, சிந்தாமல் இருக்க உதவியே செய்யும். ஐட்ராப்பர் மட்டும் வைத்திருப்பவர் பாட்டிலுக்காகத் தனியாக ஒரு பைசாகூடச் செலவழிக்கத் தேவையில்லை. மைக்குக் கொடுங்கள்.

கன்வெர்ட்டர் பேனாக்காரர்களும் மருந்துக்கடையில் ஒரு சிரிஞ்ச் வாங்கி, கன்வெர்ட்டரைத் தனியே கழற்றி நிரப்பலாம். எந்தப் பாட்டிலின் அடியில் கிடக்கும் மையையும் அது எடுத்துவிடும். உடம்போடு சேர்ந்த பிஸ்டன் உள்ள பேனாவுக்கு அந்த வழி இல்லை. அந்தப் பேனா வைத்திருப்பவர்கள்தான் பாட்டிலின் அடியைப் பார்த்தே வாங்க வேண்டும்.

சென்னை வெயிலையும் இதில் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும். பிளாஸ்டிக் வழியாக நீராவி மெல்ல மெல்ல வெளியேறும், கண்ணாடி வழியாக அது நடக்காது. ஒரு வருஷத்துக்குள் தீர்த்துவிடும் மை என்றால் பிளாஸ்டிக் போதும். பல வருஷம் வைத்து எழுத நினைக்கும் நிறத்தைக் கண்ணாடியில் வாங்குங்கள், மூடிக்குள் இருக்கும் வட்டத் தக்கை தளராமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஜன்னல் ஓரத்தில் வரிசையாக அடுக்கினால் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் வெளிச்சத்தில் சாயம் மங்கும். அட்டைப் பெட்டியிலேயே வைப்பது நல்லது. இந்தப் புழுக்கத்தில் பூஞ்சை பயமும் உண்டு. பேனாவை முக்கும் ஒவ்வொரு முறையும் விரல் அழுக்கும் தாள் தூசியும் உள்ளே போகின்றன. இதிலும் சின்னக் கொள்ளளவுக்கே லாபம்: 15 மில்லி பாட்டிலில் ஏதாவது படர்ந்தாலும் நஷ்டம் 15 மில்லியோடு போகும். உட்புறம் குறுகலாக இருப்பதால் அதே மை உயரமாகவும் நிற்கும். பெரிய பாட்டிலை மூடியே வைத்து, ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பயன்படுத்துவது எனக்குத் தெரிந்து எல்லா பாட்டிலுக்கும் பொருந்தும் வழி. குப்பியில் மிஞ்சியதை மட்டும் திரும்பப் பெரிய பாட்டிலில் ஊற்றிவிடாதீர்கள்.

இதையெல்லாம் ஒப்பிட்டுப் பார்க்கும்போது நம் ஊர் மை தயாரிப்பாளர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. அந்த 60 மில்லி பாட்டிலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அச்சைக்கூட மாற்ற வேண்டாம். வாயில் செருகிக் கழற்றக்கூடிய ஒரு பிளாஸ்டிக் கூம்பை மட்டும் தனியாக விற்பனைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கூம்பு வாங்கினால் அடுத்தடுத்த பாட்டிலுக்கு மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்வோம். ஐட்ராப்பர்காரர்களுக்கு அது தேவைப்படாது, அவர்கள் வாங்க மாட்டார்கள், விலையும் ஏறாது. பத்து, இருபது ரூபாய் என்றால் முதல் ஆளாக நான் வாங்குவேன், பேனா பிடிக்கும் நண்பர்களுக்கும் சேர்த்தே வாங்குவேன்.