ரேடியேட்டர் சூடாகவில்லையா? என் 540 பவுண்ட் போன கதையைப் படித்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்

540 பவுண்ட். போன சனிக்கிழமை கொடுத்தேன், இன்று வியாழன். அம்மாவின் அறை நேற்று இரவுதான் சூடானது. அதுவும் காசு வாங்கியவனால் அல்ல.

லண்டன் ஹாரோவில் எங்கள் வீடு. தண்ணீரைச் சூடாக்கும் கொம்பி பாயிலர் ஒன்று, அந்தச் சுடுதண்ணீர் ஓடி அறைகளைச் சூடாக்கும் எட்டு ரேடியேட்டர். குளிர் தொடங்கி முதல் தடவை ஹீட்டிங் போட்டபோது கீழே எல்லாம் நன்றாகச் சூடாகின. மேலே இரண்டு மட்டும் சரியில்லை. அம்மாவின் அறையில் முழுதாகக் குளிர், ஆனால் வால்வு வரை வரும் குழாய் சுட்டது. பிள்ளைகளின் அறையில் அடிப்பக்கம் சூடு, மேல்பக்கம் சில்லென்று இருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏமாற்று முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

வேலையாட்களைப் பிடித்துத் தரும் ஒரு தளத்தில் ஆள் தேடினேன். ஐந்து நட்சத்திரம், நிறையப் பாராட்டு. வந்தவன் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினான். அம்மா கொடுத்த தேநீரை வாங்கிக் குடித்தான். அவருக்கு என்ன வயது, இரவில் குளிர்கிறதா என்றெல்லாம் விசாரித்தான். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். பிறகு ஒரு ரேடியேட்டரிலிருந்து கண்ணாடிக் குவளையில் கொஞ்சம் தண்ணீர் பிடித்துக் காட்டினான். கறுப்பு மை மாதிரி இருந்தது. "பார்த்தீர்களா, உள்ளே முழுக்கத் துருச்சேறு. மெஷின் வைத்து உள்ளே கழுவும் பவர் ஃபிளஷ் செய்யாவிட்டால் பாயிலரே போய்விடும்" என்றான். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், சரி என்றுவிட்டேன். கார்டு மெஷின் பழுது என்றான். வங்கியிலிருந்து நேராக அனுப்பினேன், 540 பவுண்ட்.

இரும்பு ரேடியேட்டரில் பல வருடம் கிடந்த தண்ணீர் கறுப்பாக வருவது சாதாரணம் என்று அப்போது எனக்குத் தெரியாது. சேறு கனமானது, அடியில் தங்கும். சேறு அடைத்த ரேடியேட்டரில் அடிப்பக்கம், அதிலும் நடு அடி, குளிரும், மேலே சுடும். எங்கள் வீட்டில் ஒன்றுகூட அப்படி இல்லை! எட்டு ரேடியேட்டரையும் ஒழுங்காகக் கழுவினால் அநேகமாக முழுநாள் பிடிக்கும். இவன் ஒன்றரை மணி நேரத்தில் கழுவும் மெஷினை மூடிவிட்டுப் போனான்.

மறுநாள் அதே இரண்டும் அதே குளிர். போன் எடுத்தேன். "இரண்டு நாள் விடுங்கள், தண்ணீர் சுற்றி வரட்டும்." திங்கள்: வேன் பழுது. செவ்வாய்: "அது வேறு பிரச்சினை, வந்து பார்க்கவே 90 பவுண்ட்." அதன்பிறகு போனை எடுக்கவே இல்லை. தளத்துக்கு எழுதினேன். நாங்கள் அறிமுகம் மட்டும்தான், வேலைக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வரிப் பதில். வங்கியோ, வேலை நடந்திருக்கிறது, இது மோசடி இல்லை, உங்கள் இருவருக்கும் இடையிலான தகராறு என்றது. 540 பவுண்டுக்கு மூன்று இடத்திலும் மரியாதையாகக் கையை விரித்தார்கள். அம்மா இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு படுத்தார்.

நேற்று பின்தெருவில் இருக்கும் அண்ணை வந்தார், முன்பு பிளம்பிங் வேலை செய்தவர். அம்மாவின் ரேடியேட்டரில் 1, 2, 3 என்று எண் போட்ட வால்வுத் தலையைக் கழற்றினார். உள்ளே தண்ணீரைத் திறந்து மூடும் ஒரு சின்ன ஊசி அமுங்கியபடியே இருந்தது. "தங்கச்சி, கோடை முழுக்கப் பூட்டிக் கிடந்ததில ஊசி இறுகிப் போச்சு. வேற ஒண்டுமில்லை" என்றார். மெதுவாகத் தட்டி, பிளையரால் பிடித்து அசைத்தார். ஊசி மேலே வந்தது, பத்து நிமிடத்தில் ரேடியேட்டர் சுட்டது. பிள்ளைகளின் அறையில் வெறும் காற்று. ஹீட்டிங்கை நிறுத்தி ஆறவிட்டு, ரேடியேட்டரின் மேல் மூலையில் இருக்கும் திருகில் அதற்கான சாவியைப் போட்டுக் கொஞ்சம் திருப்பினார். உஸ் என்று காற்றுப் போனது, தண்ணீர் வந்ததும் பூட்டினார். பாயிலரில் காட்டும் தண்ணீர் பிரஷர் 0.6 பாருக்கு இறங்கியிருந்தது, அதை 1.2க்கு ஏற்றிவிட்டார். காசு கொடுக்கப் போனேன், கோபித்துக்கொண்டார்.

நிதானமாக விளக்கி எழுதத்தான் நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவையாவது செய்யுங்கள்.

ஆளைக் கூப்பிடும் முன் கையை வைத்துப் பாருங்கள். மேலே குளிர் என்றால் காற்று, அடியில் குளிர் என்றால் சேறு, குழாய் சுட்டும் முழுதாகக் குளிர் என்றால் முதலில் வால்வு. ஊசியைப் பிடுங்கி இழுக்காதீர்கள், தண்ணீர் பீறிடலாம். பாயிலர் மூடியைத் திறப்பவரிடம், கேஸ் வேலைக்குப் பதிவு செய்தவர் என்று காட்டும் கேஸ் சேஃப் அட்டையைக் கேளுங்கள், பின்பக்கத்தையும் பாருங்கள்; எந்த வேலைக்குத் தகுதி என்று அதில்தான் இருக்கும். 100 பவுண்டுக்கு மேல் என்றால் கிரெடிட் கார்டில் கொடுங்கள், கார்டு நிறுவனத்திடமே திருப்பிக் கேட்கச் சட்டம் இருக்கிறது. கார்டு மெஷின் பழுதா, சரி செய்துகொண்டு வா என்று அனுப்பிவிடுங்கள்.

2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தைக் காட்டி, சரியாகச் செய்யாத வேலைக்கு என் 540 பவுண்டைத் திருப்பித் தா என்று அவனுக்கு இன்று கடிதம் அனுப்பியிருக்கிறேன். 14 நாள் கொடுத்திருக்கிறேன்.