ஆர்சி கார் சக்கரம்: சாயமா, ஸ்ப்ரேயா?

ஊட்டியில் ஆர்சி கார் (ரிமோட்டில் ஓடும் சின்னக் கார்) ஓட்டுபவர்கள் சக்கரத்துக்கு நிறம் ஏற்ற நான் சொல்வது சாயம்தான், சக்கரம் வெள்ளை நைலானாக இருந்தால்.

ஸ்ப்ரே பெயின்ட் மேலே தோல் மாதிரி உட்காருகிறது. தேயிலைத் தோட்டத்துச் சரளைப் பாதையில் நாலு தடவை ஓட்டினால் விளிம்பில் சில்லு சில்லாகப் பெயர்ந்து வெள்ளை தெரியும். சாயம் நைலானுக்குள்ளேயே இறங்கிவிடும்; லேசாகக் கீறினாலும் அடியில் அதே நிறம்தான்.

டயர் ஒட்டுவதற்கு முன்பே சக்கரத்தைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பால் கழுவி, நைலானுக்கான சாயமும் கொஞ்சம் வினிகரும் கலந்த சுடுநீரில் போடுங்கள். ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். இந்த வேலைக்கு அந்தச் சூடு தாராளம். தளதளவெனக் கொதிக்க விடாமல், ஆவி பறக்கும் பதத்தில் வைத்து, அவ்வப்போது கரண்டியால் தூக்கிப் பாருங்கள்: முதலில் ரோஜா நிறம், அப்புறம் செம்பருத்திச் சிவப்பு. அந்தப் பாத்திரம் இனி சமையலுக்கு ஆகாது.

கறுப்புச் சக்கரமா, ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்த சக்கரமா? சரி, ஸ்ப்ரேதான். வெள்ளி, தங்க நிறத்துக்கும் அதுவே. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிளாஸ்டிக் பிரைமர் அடித்து, மெல்லிசாக மூன்று கோட். இங்கே பனிமூட்டம்தான் பெரிய தொல்லை. போன ஜூலையில் ஈரக்காற்றில் அடித்து, நான்கு சக்கரத்திலும் வெண்மை படர்ந்து பளபளப்பே போய்விட்டது. வெயில் அடிக்கும் நண்பகலுக்காகக் காத்திருங்கள்.