ஆழ்கடல் சிங்கி இறாலை இனங்காண: உருவமா, மரபணுவா?

காசிமேட்டில் இழுவைப்படகுகள் இறக்கும் மீன்குவியலில், இடுக்கிக் கால்களை உடைய ஆழ்கடல் சிங்கி இறால் ஒன்று கிடைத்துவிட்டால், உருவத்தைப் பார்த்து இனங்காண்பதா, மரபணுவை வாசிப்பதா என்று ஆய்வு மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.

செலவு: உருவ ஆய்வுக்கு ஒரு நல்ல நுண்ணோக்கியும் பொறுமையும் போதும், மரபணுவுக்கு வேதிப்பொருள்களும் வரிசைப்படுத்தும் ஆய்வகக் கட்டணமும் வேண்டும்.

பதப்படுத்தல்: ஃபார்மலின் உடல்வடிவைக் காக்கும், ஆனால் மரபணுவைச் சிதைக்கும். ஆகவே அதில் இடுமுன் ஒரு காலின் தசையைத் தனியே 95 விழுக்காடு எத்தனாலில் வைத்துவிட வேண்டும். நிறம் இரண்டிலும் வெளுத்துவிடும் என்பதால் படம் எடுப்பதே முதல் வேலை.

தெளிவு: பேரினம் வரை உருவமே விரைவானது. இவ்வகைச் சிங்கி இறால்களின் இரு பேரினங்களைப் பாருங்கள்: நெஃப்ராப்சிஸின் கண்கள் நிறமற்ற சிறு புள்ளிகளாக ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பின் அடியில் செதிலும் இராது. மெட்டாநெஃப்ராப்ஸுக்கோ பெரிய கருங்கண்களும் அச்செதிலும் உண்டு. 1872இல் அந்தமான் கடலிலிருந்து நெஃப்ராப்சிஸ் ஸ்டூவர்ட்டி என்ற இனத்தை விலங்கியலாளர் உட்-மேசன் விவரித்தது உருவத்தை மட்டும் கொண்டுதான். இடுக்கி ஒடிந்த, முட்கள் தேய்ந்த மாதிரியிலோ சுமார் 650 மரபணு எழுத்துகள் (காரங்கள்) கொண்ட, இனங்காணப் பயன்படும் சிஓஐ (COI) என்ற மரபணுத்துண்டே கைகொடுக்கும். எனினும் ஒப்பிடத் தரவுத்தளத்தில் சரியாகப் பெயரிட்ட வரிசை இல்லையேல் அது வெறும் எழுத்துக்கூட்டம்தான்.

முழு மாதிரி கையிலிருந்தால் உருவமே போதும் என்பேன். சிதைந்த மாதிரிக்கும் இளம் உயிரிக்கும் மரபணு ஏற்றது. புதிய இனமாக விவரிப்பதானால் உருவ விவரணையும் அருங்காட்சியகத்தில் வைத்த வகைமாதிரியும் (இனப்பெயருக்கு அடிப்படையான மாதிரி) இன்றியமையாதவை. மரபணு அதற்குத் துணைச்சான்று.