சன்னல் பக்கத்துக் கன்னம்: மூன்று வருட அனுபவம்

தினமும் போக வர இரண்டரை மணி நேரம் கார் ஓட்டுகிறேன். முகத்தில் ஒரு பக்கம் மட்டும் கறுத்திருப்பதை முதலில் கவனித்தது நான் இல்லை, முடி வெட்டுபவர். "நீங்க டிரைவரா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பார்த்தால், சன்னல் பக்கத்துக் கன்னத்தில் மங்கு படர்ந்திருந்தது.

கண்ணாடி ஏற்றித்தானே ஓட்டுகிறோம் என்ற தைரியம்தான் காரணம். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர்களில், தோலைச் சுடும் யூவிபி கதிர்களைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். அதனால் எரிச்சலே தெரியாது. கறுப்பையும் சுருக்கத்தையும் கொண்டுவரும் யூவிஏ மட்டும் உள்ளே வந்துகொண்டே இருக்கும். முன்கண்ணாடியில் இரண்டு அடுக்குக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் இருப்பதால் அது யூவிஏவையும் நன்றாகத் தடுக்கிறது. பக்கக் கண்ணாடி பல வண்டிகளில் ஒற்றை அடுக்கு. தடுக்கும் அளவு வண்டிக்கு வண்டி மாறும். 28 வருடம் லாரி ஓட்டிய 69 வயதுக்காரர் ஒருவரின் படம் 2012-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. சன்னல் பக்கம் மட்டும் முகம் அப்படிச் சுருங்கியிருக்கும். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

முதல் வருடம் சன்ஸ்கிரீன் மட்டும். எஸ்பிஎஃப் 50 என்று பார்த்து வாங்கினேன். அந்த எண் முக்கியமாக யூவிபிக்கானது என்பது பிறகுதான் தெரிந்தது. காருக்குள் நமக்கு வேண்டியது இரண்டு கதிரையும் தடுக்கும் 'பிராட் ஸ்பெக்ட்ரம்', அல்லது யூவிஏ தடுப்பைக் காட்டும் 'பிஏ' என்ற எழுத்துகளின் பக்கத்தில் நிறைய கூட்டல் குறி. கடலைப்பருப்பு அளவு தடவினால் போதாது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் வேண்டும். வியர்வையோடு வழிந்து கண் எரிந்ததால், கண்ணைச் சுற்றி மட்டும் ஜிங்க் ஆக்சைடு ஸ்டிக்குக்கு மாறினேன். கொஞ்சம் வெள்ளை பூசியது போல் தெரியும், பரவாயில்லை. டியூபை டாஷ்போர்டில் வைக்காதீர்கள். என்னுடையது வெயிலில் மோர் மாதிரி திரிந்துவிட்டது. மாலை கிளம்பும்போது மறுபடி தடவ வேண்டும். நான் பாதி நாள் மறந்துவிடுவேன்.

பக்கக் கண்ணாடியில் மாட்டிய வலைத்திரை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, பக்கவாட்டு மிரரை மறைத்தது.

உருப்படியான பலன் இரண்டாம் வருடம் ஒட்டிய நிறமில்லாத யூவி ஃபிலிமில்தான். கடைக்காரர் கறுப்பு ஃபிலிமை விற்கத்தான் பார்த்தார். கறுப்பாக இருந்தால் கதிரைத் தடுக்கும் என்று அர்த்தமில்லை, யூவிஏவை எவ்வளவு தடுக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். உங்கள் ஊர்ச் சட்டம் எதை அனுமதிக்கிறது என்றும் முதலில் பார்த்துவிடுங்கள். நான்காம் மாதம் ஓரம் பிரிந்து, மறுபடி ஒட்ட வேண்டியிருந்தது. என்னுடையதில் சூடு பெரிதாகக் குறையவில்லை.

பழைய மங்கு முழுதாகப் போகவில்லை. வெறும் வெளிச்சமே மங்கைக் கூட்டும் என்று தோல் டாக்டர் சொன்னதால், இப்போது இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறச் சன்ஸ்கிரீன் போடுகிறேன். இரண்டு கன்னமும் ஓரளவு ஒன்றுபோல் ஆகிவிட்டன. அப்புறம்தான் ஸ்டியரிங் பிடிக்கும் கையைப் பார்த்தேன், அது தனி நிறம். மிச்சத்தைப் புறங்கையில் தேய்த்துக்கொள்கிறேன். ஸ்டியரிங் வழுக்குகிறது, அதற்குத்தான் இன்னும் வழி கிடைக்கவில்லை.