புல்தரைக் காளானும் நர்சரிக்காரர்களின் இரண்டு வருகைகளும்

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டின் முன்புறம் ஏறக்குறைய 400 சதுர அடியில் கொரியன் புல் பதித்திருக்கிறோம். சென்ற ஆண்டு ஆவணியில் நான்கு இரவுகள் விடாமல் மழை பெய்து ஓய்ந்தபோது, மதிலோரம் ஓரிடத்தில் சுண்டுவிரல் பருமனுள்ள பழுப்புக் காளான்கள் கொத்துக்கொத்தாக எழும்பின; புல்தரையின் நடுவிலோ உள்ளங்கை அகலமுள்ள வெள்ளைக் குடைகள் பிறைபோல் வளைந்து வரிசையாக நின்றன. செடி விற்பதோடு தோட்டப் பராமரிப்புக்கும் ஆள் அனுப்பும் ஒரு நர்சரியை அழைத்தோம். அவர்கள் இருமுறை வந்தார்கள். முதல் வருகைக்கு என்னிடம் மதிப்பெண் கேட்டால் சுழியம்தான் தருவேன். இரண்டாவதற்காக அவர்களை மறுபடியும் அழைப்பேன்.

முதலில் வந்த இளைஞர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. கார்பென்டாசிம் என்னும் பூஞ்சைக்கொல்லியின் 50 சதவீதத் தூளை லிட்டருக்கு 2 கிராம் கணக்கில் கரைத்துப் புல்தரை முழுவதும் தெளித்துவிட்டு 900 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். இரண்டே நாளில் குடைகள் எல்லாம் சுருண்டுவிட்டன என்று மகிழ்ந்தோம். மருந்தே அடிக்காவிட்டாலும் அவை அப்படித்தான் சுருண்டிருக்கும். அந்தப் பழுப்புக் கொத்து ஒரே நாளில் கருமையாய்க் கரைந்துபோகும் வகையைச் சேர்ந்தது. பத்து நாள் கழித்து அடுத்த மழை பெய்ததும் முன்னைவிட இரு மடங்கு முளைத்தது. பாக்கெட்டை எடுத்துப் படித்தேன். நெல்லின் குலைநோய்க்கும் நிலக்கடலையின் டிக்கா இலைப்புள்ளிக்கும் என்று பயிர்நோய்களின் பெயர்கள்தான் அதில் இருந்தன. காளான் என்ற சொல்லே இல்லை. நாம் காண்கிற காளான், மண்ணுக்குள் வெள்ளை நூலாகப் பின்னிக் கிடக்கும் பூஞ்சையின் காய் மட்டுமே. அந்த நூலுக்கு இரை கிடைக்கும்வரை மழைக்கு மழை அது காய்த்துக்கொண்டே இருக்கும். மேலும் இந்தத் தூள் மண்புழுவுக்கு நஞ்சு என்பதால், 900 ரூபாய்க்கு நாங்கள் வாங்கியது பயனின்மை மட்டும் அன்று.

புகார் சொன்ன பிறகு, அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெரியவரை அனுப்பினார்கள். அவர் புல்தரையைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “இந்த எடத்துல முன்ன ஏதாச்சும் மரம் இருந்துதா சார்?” என்று கேட்டார். இருந்தது. வீட்டை நீட்டிக் கட்டியபோது ஒரு மாமரத்தைத் தரையோடு அறுத்து, அடிக்கட்டையின் மேல் ஒரு அடி மண்ணைக் கொட்டி, அதன்மேல் புல்லைப் பதித்திருந்தோம். புல்லைப் பத்தை பத்தையாக வெட்டி நிழலில் அடுக்கி வைத்துவிட்டுக் கடப்பாரையால் ஒன்றரை அடி தோண்டியதும் கட்டை தென்பட்டது. விரலால் நசுக்கினாலே உதிர்ந்த அந்த மரத்தில் இண்டு இடுக்கெல்லாம் வெள்ளை நூல் ஓடியிருந்தது. இரண்டு மூட்டை அள்ளி வெளியேற்றிவிட்டு, செம்மண்ணும் மணலும் கலந்து நிரப்பி, புல்லை மீண்டும் பதித்தார். அரை நாள் வேலைக்கு 2,200 ரூபாய். ஓராண்டு கடந்தும் அந்த மதிலோரத்தில் ஒரு காளான்கூட எழவில்லை.

நடுவில் இருந்த பிறை வேறு கதை. அங்கே கட்டை ஏதும் இல்லை. புல்லின் அடியில் மெத்தைபோல் சேர்ந்திருந்த காய்ந்த சருகும், சரியாக மக்காத சாண எருவுமே அந்தப் பூஞ்சைக்கு இரை. அந்த எருவை ஆறு மாதம் முன்பு எங்களுக்கு விற்றது இதே நர்சரிதான் என்பதைப் பெரியவர் சிரிப்போடு ஒப்புக்கொண்டார். இரும்பு வாரியால் சருகை இழுத்தெடுத்து, சாணுக்கு ஒன்றாகக் கடப்பாரையால் துளையிட்டு, தண்ணீர் உள்ளே இறங்க வழி செய்தார். வேலூர் வெயிலுக்குப் பயந்து நாள்தோறும் மாலையில் நாங்கள் தெளித்துவந்த தண்ணீர் இரவெல்லாம் புல்லை ஈரமாகவே வைத்திருந்தது. இப்போது வாரம் இருமுறை, விடியற்காலையில், ஆழமாக நனையும்படி விடுகிறோம்.

இந்தச் சேவையில் எனக்குள்ள பெருங்குறை, நஞ்சைப் பற்றி இருவரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதே. அந்த வெள்ளைக் குடைகளைக் கண்ட என் மாமியார், புற்றுக்காளான்தான், குழம்பு வைக்கலாம் என்று முறத்தோடு வந்துவிட்டார். நல்லவேளையாக ஒரு குடையை வெள்ளைத் தாளில் கவிழ்த்து, மேலே கண்ணாடித் தம்ளரை மூடி, இரவு முழுக்க வைத்துப் பார்த்தோம். காலையில் குடையிலிருந்து உதிர்ந்து தாளில் படிந்திருந்த வித்துத்தூள் மங்கிய பச்சை. புற்றுக்காளானின் தூள் வெளிர் இளஞ்சிவப்பாக இருக்கும். பச்சைத் தூள் உதிர்ப்பது குளோரோஃபில்லம் மோலிப்டைட்டீஸ் என்னும் புல்தரைக் காளான்; தின்ற சில மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கக்கூடியது. அதற்காக இந்தத் தாள் சோதனையை நம்பி எந்தக் காளானையும் சமைத்துவிடக் கூடாது. புல்தரையில் முளைத்ததைச் சமைக்காமல் இருப்பதே நல்லது. சிறு குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்புகிறவர்கள் இதை முதல் வார்த்தையாகச் சொல்லியிருக்க வேண்டும். காசு கொடுப்பதற்கு முன் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் விட்டது எங்கள் தவறு.

ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்படி நர்சரியிலிருந்து கேட்டார்கள். மருந்துத் தெளிப்பை நீக்கிவிட்டு, பெரியவரையே அனுப்புவதாயின் சம்மதம் என்று சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை. இந்த ஆவணி மழையில் பிறை இருந்த இடத்தில் மூன்றே குடைகள் எழுந்தன. அவை விரியும் முன்பே பிடுங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டேன்.