‘ஃபோர்ஸ் ஆஃப் ஈவில்’ (1948): 776-இன் கணக்குத் தெரிந்தால் பாதிப் படம் புரிந்த மாதிரி

ஆபிரகாம் போலன்ஸ்கி இயக்கிய இந்த 78 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படத்தில் துப்பாக்கியை விட ஒரு மூன்று இலக்க எண்தான் அதிகம் பேரைச் சாய்க்கிறது. அதன் கணக்குப் பிடிபடாவிட்டால் முதல் அரைமணி நேரம் குழப்பும்.

நியூயார்க்கின் ‘நம்பர்ஸ்’ சூதாட்டம் நம்மூர் மூணு நம்பர் லாட்டரி மாதிரிதான். 000 முதல் 999 வரை எதிலும் பணம் கட்டலாம். குதிரைப் பந்தயத்தில் அன்று புரண்ட தொகையின் இலக்கங்களிலிருந்து எண் எடுப்பார்கள். விழுந்தால் வழக்கமாக ஒன்றுக்கு 600. ஆயிரம் டாலர் எல்லா எண்களிலும் சமமாகப் பரவினால், 600 கொடுத்தது போக நடத்துபவருக்கு 400 மிஞ்சும். அதில் 10 டாலர் விழுகிற எண்ணிலேயே குவிந்துவிட்டால் கொடுக்க வேண்டியது 6,000. கடை காலி.

அமெரிக்கச் சுதந்திர நாளான ஜூலை 4 அன்று, சுதந்திரம் அறிவித்த 1776-ஐ நினைத்து ஊரே 776-இல் கட்டும். டக்கர் என்ற தாதா அன்று அந்த எண்ணையே விழவைத்து, நொடித்துப்போகும் சிறு முதலாளிகளுக்குக் கடன் கொடுத்து, தொழிலை வளைக்கப் பார்க்கிறான். அதற்குச் சட்டப்பூச்சு பூசுபவர் வால் ஸ்ட்ரீட் வக்கீல் ஜோ மோர்ஸ் (ஜான் கார்ஃபீல்ட்). நொடிக்கப்போகிறவர்களில் அவருடைய அண்ணன் லியோவும் ஒருவர்.

லியோவாக வரும் தாமஸ் கோமெஸ்தான் படத்தின் உயிர். தானும் சட்டவிரோதத் தொழில் நடத்திக்கொண்டே, தம்பியின் பணத்தை அழுக்கு என்று ஒதுக்குகிறார். அந்த வாக்குவாதங்களில் வசனம் திரும்பத் திரும்ப வந்து கவிதைபோல ஒலிக்கும். சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். தொலைபேசியை எடுத்ததும் ஜோ கேட்கும் ஒரு சின்ன ‘க்ளிக்’ ஒலி, ஒட்டுக்கேட்பதைச் சொல்லிவிடுகிறது. ஊழலைப் பேசும் படங்களில் இவ்வளவு சிக்கனமான பயம் அபூர்வம். எட்வர்ட் ஹாப்பரின் ஓவியங்களைக் காட்டித்தான் ஒளிப்பதிவாளர் ஜார்ஜ் பார்ன்ஸுக்குத் தனக்கு வேண்டிய ஒளியை விளக்கினார் போலன்ஸ்கி. தனியே நிற்கும் மனிதர்களைச் சுற்றியுள்ள வெறுமையில் அது தெரியும்.

குறைகள் உண்டு. லியோவிடம் வேலை பார்க்கும் டோரிஸுடனான ஜோவின் காதல் பேச்சிலேயே நிற்கிறது. போட்டித் தாதா ஃபிக்கோவுக்கு முகம் மட்டும்தான். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தடிக்கு ஜோ இறங்கிக்கொண்டே இருக்கும் முடிவுக்காட்சி எல்லாவற்றையும் சொல்லிவிட்ட பிறகு, பின்னணிக் குரல் அவசரமாக அவரைத் திருத்திக் காட்டுவது தேவையில்லை.